புத்தகம் எடுக்காமல் போகிறவரும் வாசகர்தான்

"இப்பெல்லாம் யாருங்க லைப்ரரிக்கு வர்றாங்க?" திருப்பூர்ப் பக்கம் கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கும் என்னிடம் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். மத்தியானம் ஒரு நடை வந்து பாருங்கள், உட்கார நாற்காலி கிடைக்காது. அலமாரிப் பக்கம்தான் ஆள் குறைவு.

குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் சொந்தப் புத்தகங்களோடு வந்து மேசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் வீட்டை ஒட்டித் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் எங்கே படிப்பது? அந்தத் தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். அதனால் இங்கே முதலில் கிழிவது கதைப் புத்தகம் அல்ல, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்!

முன்பு ஷிப்டு முடிந்து வந்த மில் தொழிலாளர்கள் வாரப் பத்திரிகைத் தொடருக்கும் துப்பறியும் நாவலுக்கும் காத்திருந்தார்கள். அந்த இடத்தை டிவியும், அப்புறம் செல்போனும் எடுத்துக்கொண்டன. பேப்பர் படிக்கும் பெரியவர்கள் மட்டும் மாறவில்லை. செய்தியைக் காலையிலேயே போனில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்; கூட்டாளிகளைப் பார்க்க வேண்டுமே.

இரவல் பதிவேட்டை மட்டும் புரட்டினால் இதெல்லாம் தெரியாது. நூலகம் படுத்துவிட்டது என்றுதான் தோன்றும். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை.

எனக்குக் கவலை வேறு. வேலை கிடைத்ததும் பையன்கள் காணாமல் போகிறார்கள். கல்யாணம் ஆனதும் பெண்கள். பணி ஓய்வு பெற்ற பிறகே பலர் திரும்பி வருகிறார்கள், அதிலும் பெரும்பாலும் ஆண்கள். பரீட்சைக்காக வந்த இடத்துக்குப் பரீட்சை முடிந்ததும் என்ன வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்ப்பவருக்கு எங்கள் வேலை நேரம் ஒத்துவராது என்பதும் உண்மை. அது எங்கள் பக்கத்துக் குறை.

இத்தனைக்கும் நூலகத்துக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்தது நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம், உங்கள் பெயரிலும் ஓர் உறுப்பினர் அட்டை போடுங்கள். வர முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் அதைக் கேளுங்கள். தையலோ, கோழி வளர்ப்போ, வேண்டிய புத்தகம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் நாங்களும் மேலே எழுதிக் கேட்க முடியும்.