கல்லுக்குள் போன ஒளி திரும்பி வரும் வழி

நான் முதன்முதலில் பட்டை தீட்டிய செவ்வந்திக்கல் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. நல்ல ஊதா நிறம், மெருகிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை அச்சடித்த தாளின் மேல் வைத்தால், கல்லின் நடுவே அடியில் உள்ள எழுத்துகளை வாசிக்கலாம். ஓரங்கள் மட்டும் மின்னும். நடுப்பகுதி வெறும் ஊதாக் கண்ணாடி. இந்த வேலையில் இருப்பவர்கள் இதை ‘ஜன்னல்’ என்பார்கள். நீலக்கல்லுக்காக வரைந்த கோணங்களைச் செவ்வந்திக்கல்லுக்குப் பயன்படுத்தியதுதான் நான் செய்த தவறு.

ஒளி கல்லுக்குள் நுழைந்து அடிப்பட்டையில் மோதும்போது, மோதும் கோணம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தது இதுதான். அந்த அளவு, அதாவது மாறுநிலைக் கோணம், கல்லுக்குக் கல் மாறும். செவ்வந்திக்கல் படிகம் (குவார்ட்ஸ்) என்ற கனிம வகையைச் சேர்ந்தது. ஒளிவிலகல் எண் 1.54, மாறுநிலைக் கோணம் சுமார் 40.4 டிகிரி. நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற ஒரே கனிமம். (உலகம் அதைக் கொரண்டம் என்று அழைப்பது நம் குருந்தத்திலிருந்து போன பெயர்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.) அதன் ஒளிவிலகல் எண் 1.77, மாறுநிலைக் கோணம் 34.5 டிகிரிக்குப் பக்கம். நான் அடிப்பட்டைகளைக் கிடைமட்டத்திலிருந்து 38 டிகிரி சாய்வில் வெட்டியிருந்தேன். குருந்தத்தில் அது ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்கும். படிகத்தில் ஒளி அடிவழியாகக் கசிந்து போய்விட்டது.

அதே கல்லை 43 டிகிரியில் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலிருந்து நேராக இறங்கும் கதிர் முதல் பட்டையில் 43 டிகிரியில் மோதித் திரும்பும். எதிர்ப்பட்டையில் 51 டிகிரியில் மோதும். அங்கும் கசிய வழியில்லை. செங்குத்திலிருந்து 8 டிகிரி விலகி மேலே வந்து, தட்டையான மேல்பட்டையைத் தாண்டும்போது வளைந்து 12 டிகிரி சாய்வில் கண்ணுக்கு வரும். இந்த 12 டிகிரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்கும்போது மறுபடி வரும்.

43 டிகிரி என்றாலும் படிகத்தில் தாராளம் கிடையாது. மாறுநிலைக் கோணத்துக்கு மேல் இருப்பது 2.6 டிகிரிதான். கல்லைக் கையில் பிடித்து 4 டிகிரி சாய்த்தாலே ஒரு பக்கம் ஜன்னல் திறக்கத் தொடங்கும். குருந்தத்தை 41 டிகிரியில் வெட்டினால் 11 டிகிரி வரை சாய்க்கலாம். மோதிரத்தில் இருக்கும் கல் ஒரு நொடியும் நேராக இருப்பதில்லை. விலையுயர்ந்த கற்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் உயிரோடு இருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

வெட்டும் இயந்திரம் எளிமையானது. பித்தளைத் தண்டின் நுனியில் கல்லை ஒட்டி, சுழலும் வட்டத் தட்டின் மேல் இயந்திரத்தின் கை ஒன்றால் தாங்கிப் பிடிக்கிறோம். அந்தக் கையின் சாய்வை ஒரு கோணமானி காட்டும். தண்டைச் சுற்றிலும் திருப்ப 96 பற்கள் உள்ள சக்கரம் இருக்கும். 8 பட்டை வேண்டுமானால் 12 பல்லுக்கு ஒரு நிறுத்தம். வைரத்தூள் பதித்த 260 எண் தட்டில் உருவம் வரும், 600இல் பட்டைகள் நேராகும், 1200இல் கீறல் மெலியும், 3000இல் மெருகுக்குத் தயாராகும். எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு தணிக்க மட்டும் அல்ல. உலர்ந்த படிகத்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

மெருகேற்றும் கட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. படிகத்துக்கு சீரியம் ஆக்சைடு, குருந்தத்துக்கு மிக நுண்ணிய வைரத்தூள். சில நொடிகள் தேய்த்து, ஈரத்தைத் துடைத்து, பட்டையில் விளக்கின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பார்ப்பேன். பாதி மெருகான பட்டையில் விளக்கு பால் படிந்தது போல மங்கித் தெரியும். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கீறல் மட்டும் பளிச்சிடும். அந்த நூல் மறையும்வரை மறுபடி, மறுபடி. புஷ்பராகத்தில் (டோபாஸ்) மட்டும் ஒரு விஷயம்: அது ஒரே தளத்தில் எளிதாகப் பிளக்கும். ஒரு பட்டை அந்தத் தளத்துக்கு இணையாக அமைந்துவிட்டால் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் மெருகு ஏறாது. ஒட்டும்போதே சில டிகிரி விலக்கி வைக்க வேண்டும்.

நிறத்தின் ஆழத்தையும் வெட்டுபவர்தான் தீர்மானிக்கிறார். ஒரு குறிப்பிட்ட நிற ஒளியில் 70 சதவீதத்தை ஒரு மில்லிமீட்டர் கல் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டரில் 17 சதவீதம் மிஞ்சும், 10 மில்லிமீட்டரில் 3 சதவீதம்கூட இல்லை. ஒளி கீழே போய் மேலே வருவதால், அது கடக்கும் தூரம் கல்லின் உயரத்தைவிட அதிகம். அதனால்தான் அடர்சிவப்புக் கார்னெட் பெரிதானால் கரித்துண்டாகிவிடுகிறது. அதே கல்லிலிருந்து வெட்டிய சிறு துண்டு தணல் போல எரிகிறது. டூர்மலினில் திசையும் சேர்ந்துகொள்ளும். வெட்டாத நீண்ட கல்லின் நுனி வழியாகப் பார்த்தால் பல பச்சை டூர்மலின்கள் இருண்டிருக்கும், பக்கவாட்டில் தெளிந்திருக்கும். கரட்டுக்கல்லை, அதாவது இன்னும் வெட்டாத கல்லை, கையில் எடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்குத்தான். எடையில் முக்கால்வாசி தூளாகிப் போவது சாதாரணம். 2 கிராம், அதாவது 10 காரட் கரட்டுக்கல்லில் இரண்டு அல்லது மூன்று காரட் கல் கிடைத்தால் திருப்தி.

இனி கேமரா. நேரில் அழகாக இருக்கும் கல், படத்தில் நடுவே கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு, கல்லில் தெரியும் லென்ஸின் நிழல். கல் தன் எதிரே உள்ளதைத்தான் திருப்பிக் காட்டுகிறது. 6 சென்டிமீட்டர் அகல லென்ஸை 10 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், மையத்திலிருந்து சுற்றிலும் 17 டிகிரிவரை கல்லுக்குத் தெரிவது கறுப்பு லென்ஸ்தான். நம் 12 டிகிரிக் கதிர் வரவேண்டிய இடத்தில் வெளிச்சமே இல்லை. 30 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் லென்ஸ் மறைப்பது 6 டிகிரி மட்டுமே. தூரத்திலிருந்து பெரிதாக்கும் மேக்ரோ லென்ஸும், நடுவில் லென்ஸுக்கு ஓட்டை போட்ட வெள்ளைத் தாளின் வழியே பரவும் வெளிச்சமும் இருந்தால் கல் விழித்துக்கொள்ளும். படம் எடுக்குமுன் அடிப்பட்டைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் எண்ணெயின் ஒளிவிலகல் எண் காற்றைவிட மிக அதிகம். எண்ணெய் பட்ட இடத்தில் முழு எதிரொளிப்பு நின்று ஒளி கசியும். ஒரு விரல் ரேகை போதும் கல்லைச் சாகடிக்க.

நிறத்தில் கேமரா இன்னும் தடுமாறும். படச்சட்டம் முழுக்கச் சிவப்பு இருந்தால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி வெண்சமநிலை அதை விளக்கின் குறையாக நினைத்துச் சிவப்பைக் குறைத்துவிடும். சாம்பல் நிற அட்டையை வைத்து நீங்களே அமையுங்கள். மாணிக்கத்தில் உள்ள குரோமியம் 694 நானோமீட்டரில் தானே சிவப்பாக ஒளிர்கிறது. கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நிறத்தைச் சற்றுக் கூட்டினால் தப்பா என்று கேட்பார்கள். கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் அதே நிறம் வரும்வரை திருத்தலாம். அதற்கு மேல் ஒரு புள்ளி கூட்டினாலும் அது ஏமாற்று என்றே நான் நினைக்கிறேன்.

விற்கும்போது எடை, மில்லிமீட்டர் அளவு, கனிமத்தின் பெயர், செய்த பதப்படுத்தல் எல்லாவற்றையும் எழுத வேண்டும். சூடேற்றியிருந்தால் சூடேற்றியது என்றே எழுத வேண்டும். சில சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். காற்றில் 4 காரட் உள்ள கல், தண்ணீரில் தொங்கவிட்டு எடை போடும்போது 3 காரட் காட்டினால், குறைந்த 1 காரட்டால் 4ஐ வகுக்க அடர்த்தி 4, குருந்தத்துக்குப் பொருந்தும். ஆனால் அது மண்ணில் விளைந்ததா என்று தராசு சொல்லாது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னெய்ல் தன் செயற்கை மாணிக்க முறையை 1902இல் அறிவித்தார். அந்தக் கல்லுக்கும் அதே அடர்த்தி, அதே ஒளிவிலகல் எண். உருப்பெருக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தால் செயற்கை என்று பிடித்துவிடலாம். தெரியாவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ‘இயற்கை’ என்று எழுதக் கூடாது.

ஒருமுறை ஒரு நீலக்கல்லை நண்பகல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து விற்றேன். வாங்கியவர் அதை மாலையில் மஞ்சள் பல்பின் கீழ் பிரித்திருக்கிறார். அந்த விளக்கில் நீல ஒளி மிகக் குறைவு; கல் மைத்துளி போல இருந்தது. வேறு கல்லை அனுப்பிவிட்டதாக நினைத்து அவர் திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பே இல்லை. அடுத்த முறை இரண்டு படம் போட்டேன், பகலில் ஒன்று, மஞ்சள் பல்பில் ஒன்று. கூடவே கல்லை மெல்லச் சாய்க்கும் ஒரு சிறு காணொளியும். அதை வாங்கியவர் கேட்ட ஒரே கேள்வி, மாலைப் படத்தில் ஓரமாகத் தெரிந்த ஊதாச் சாயல் உண்மைதானா என்பது. உண்மைதான் என்றேன். மறுநாளே கல்லைப் பொதிந்து அனுப்பினேன்.