ஒரே குழாய், இரண்டு முறை

ஸ்டீராய்டு ஹார்மோன்களைப் பிடிக்கும் 'ஏற்பி' என்ற புரதத்தைத் தனியாக எடுக்க வேண்டுமானால், எலியின் கல்லீரலை வெட்டி எடுத்த மறு நிமிடம் அது ஐஸுக்குள் போயாக வேண்டும். அரைக்கும் பாத்திரம், ஊற்றும் கரைசல், சுழற்றும் இயந்திரம் எல்லாமே 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும். வெளியே விட்டால் புரதம் கெட்டுப்போகும் என்பது தெரிந்த காரணம். இன்னொன்றும் உண்டு: சூடு பட்டால் தேடுகிற புரதத்தின் தூக்கம் கலைந்துவிடும்.

கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பில் கரைபவை. செல்லின் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே போய்விடும். உள்ளே அவற்றைப் பிடித்துக்கொள்கிற புரதம்தான் ஏற்பி. பிடித்த பின் அது டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து சில ஜீன்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும்.

இந்த ஏற்பி செல்லுக்குள் மிகச் சொற்பம். கண்ணுக்கும் தெரியாது. அடையாளம் வைக்க வழி காட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். 1950களின் இறுதியில் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனில் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, இளம் பெண் எலிகளுக்கு ஊசி போட்டார். மற்ற திசுக்களில் வந்த வேகத்தில் வடிந்துபோன ஹார்மோன், கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. அங்கே எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று புரிந்தது.

சரி, அந்த 'எதுவோ'வைத் தனியாக எடுப்பது எப்படி? கார்டிசால் வகை ஹார்மோன்களின் ஏற்பியில் இதற்கு அழகான விடை கிடைத்தது. முதலில் எலியின் அட்ரினல் சுரப்பிகளை நீக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் அதன் சொந்த ஹார்மோனே ஏற்பிகளில் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கல்லீரலை அரைத்து, புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினால் கசடெல்லாம் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் சாற்றில் டிரிடியம் ஏற்றிய ஹார்மோனைக் குளிரிலேயே கலப்பார்கள். ஏற்பியில் ஒட்டாத மிச்ச ஹார்மோனைக் கரித்தூள் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வடிகட்டும் அதே கரிதான்.

இனிதான் தந்திரம். 1979இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கல்விக்கழகத்தில் வ்ராங்கே, கார்ல்ஸ்டெட்-டியூக், குஸ்டாஃப்சன் ஆகியோர் டி.என்.ஏ. ஒட்டிய செல்லுலோஸ் நிரப்பிய குழாயைப் பயன்படுத்தினார்கள். குளிரில் உள்ள ஏற்பி டி.என்.ஏ.வைச் சீண்டாது, நேராக வழிந்து வெளியே வரும். டி.என்.ஏ.வில் ஒட்டும் பழக்கமுள்ள மற்ற புரதங்கள்தான் உள்ளே மாட்டிக்கொள்ளும். வழிந்து வந்ததை 25 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஏற்பி விழித்துக்கொள்ளும். மறுபடி டி.என்.ஏ. குழாயில் ஊற்றினால், இம்முறை ஏற்பி ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்து போகும். அப்புறம் உப்புச் செறிவைக் கூட்டி ஏற்பியைக் கழற்றி எடுக்கலாம். ஒரே சல்லடையில் முதல் தடவை குப்பையையும் அடுத்த தடவை சரக்கையும் பிடித்த மாதிரி!

அந்த அரை மணியில் என்ன நடக்கிறது? தூங்கும் ஏற்பியை எச்.எஸ்.பி. 90 என்ற துணைப் புரதம் கட்டிப்பிடித்திருக்கும். ஹார்மோன் ஏறிய நிலையில் சூடு பட்டால் பிடி விடும், டி.என்.ஏ.வைத் தொடும் பகுதிக்கு வழி திறக்கும். சோடியம் மாலிப்டேட் சேர்த்தால் பிடி விடாது. அதனால், தூங்கும் வடிவமே வேண்டும் என்பவர்கள் அந்த உப்பைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவார்கள்.

திசுவை அரைத்துப் பார்க்கும் இந்த முறைக்கு ஒரு குறும்பும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அரைத்த சாற்றில் கிடைத்ததால், அது உட்கருவுக்கு வெளியே காத்திருந்து ஹார்மோன் வந்ததும் உள்ளே போகிறது என்று வெகுகாலம் எழுதினார்கள். 1984இல் இரண்டு குழுக்கள் வேறு வழியில் பார்த்தபோது, அது ஹார்மோன் வரும் முன்பே உட்கருவுக்குள்தான் இருந்தது. அரைத்தபோது கசிந்து வெளியே வந்திருக்கிறது! கார்டிசால் ஏற்பி அப்படியல்ல. ஹார்மோன் வரும்வரை அது பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியேதான் இருக்கிறது.