ரேஸ் கண்டிஷன்: தமிழில் முந்தல் நிலை

ஒரே பொருளை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறினால் அதுதான் ரேஸ் கண்டிஷன். மெமரியில் 5 என்று ஒரு எண் இருக்கிறது, இரண்டு த்ரெட்கள் (ஒரு புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) ஆளுக்கு ஒன்று கூட்ட வேண்டும், விடை 7 வரவேண்டும். ஆனால் கூட்டுவது என்பது உள்ளே எடு, கூட்டு, திரும்ப வை என்று மூன்று படி. முதல் த்ரெட் திரும்ப வைப்பதற்குள் இரண்டாவதும் அதே 5-ஐ எடுத்துவிட்டால் இரண்டுமே 6 என்றுதான் எழுதும்.

இந்தச் சொல் மென்பொருளில் பிறந்ததில்லை, மின்சுற்று வடிவமைப்பிலிருந்து வந்தது. இரண்டு சிக்னல்கள் வெவ்வேறு வழியாக ஓடிவருகின்றன, முதலில் வந்து சேர்வது எதுவோ அதுவே வெளியீட்டைத் தீர்மானிக்கிறது. அந்த ஓட்டம்தான் ‘ரேஸ்’. டேவிட் ஹஃப்மனின் 1954 ஆய்வேட்டிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

தமிழில் ‘பந்தய நிலை’ என்று எழுதினால் எனக்கு ஒட்டவில்லை. பந்தயத்தில் ஓடுகிறவர்களுக்குத் தாங்கள் ஓடுவது தெரியும், பரிசும் உண்டு. இங்கே ஒரு த்ரெட்டுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்கிறோமே, அந்த ‘முந்து’ போதும். நிலைக்கு ‘முந்தல் நிலை’, அதனால் வரும் கோளாறுக்கு ‘முந்தல் பிழை’.

இதற்கு நல்ல உதாரணம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2016 அக்டோபரில் சரிசெய்யப்பட்ட டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழை. படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு ஃபைலை ஒரு புரோகிராம் தன் மெமரியில் தனக்கென்று இணைத்துக்கொண்டு அதில் எழுதப் போனால், கெர்னல் அசலைத் தொடவிடாமல் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும். நகல் தயாரானதும், ‘எழுதப் போகிறேன்’ என்ற குறியைக் கெர்னல் நீக்கிவிட்டு அந்தப் பக்கத்தை (மெமரியின் அந்தத் துண்டை) மறுபடி தேடும். அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் முந்திக்கொண்டு ‘இந்த நகல் வேண்டாம்’ என்று தூக்கிப்போட்டால், எழுதும் குறிதான் இல்லையே, படிக்கத்தானே கேட்கிறார்கள் என்று கெர்னல் அசல் பக்கத்தையே எடுத்துக் கொடுத்துவிடும், எழுத்து அதிலேயே விழும். இப்படிச் சாதாரண யூசர் ஒருவர், முழு அதிகாரமுள்ள ரூட் யூசருக்குச் சொந்தமான ஃபைலை மாற்றிவிடலாம், அதன் வழியாக ரூட் அதிகாரத்தையே பிடிக்கலாம். ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இதே ஆபத்து இருந்தது.

திருத்தியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். பதினொரு வருடம் முன்பு தானே ஒருமுறை சரிசெய்யப் பார்த்து அது சரியாக அமையவில்லை என்றும், அப்போது ஏட்டளவில் மட்டும் இருந்த முந்தல் இப்போது எளிதாக நிகழ்கிறது என்றும் அந்தத் திருத்தத்தோடேயே எழுதியிருக்கிறார். அவர் புதிதாக ஒரு லாக் (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடவில்லை. எழுதும் குறியை நீக்குவதை நிறுத்திவிட்டு, ‘நகல் எடுத்தாயிற்று’ என்று சொல்ல ஃபால்_கவ் என்ற தனிக் குறியைச் சேர்த்தார். அந்த நகல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பக்க அட்டவணையில் (எந்தப் பக்கம் எங்கே என்று கெர்னல் வைத்திருக்கும் பட்டியலில்) பக்கம் எழுதப்பட்டதைக் காட்டும் டர்ட்டி பிட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கெர்னல் எழுத விடும்.

அப்புறம், டேட்டா ரேஸ் என்பது வேறு. ஒரே மெமரி இடத்தை இரண்டு த்ரெட்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரே சமயத்தில் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதினால் அது டேட்டா ரேஸ். ‘தரவு மோதல்’ எனலாம். டர்ட்டி கவ்வில் பக்க அட்டவணையைத் தொட்ட ஒவ்வொரு படியிலும் லாக் இருந்தது, இரண்டு படிக்கு நடுவில்தான் இல்லை. அதனால் அது முந்தல் பிழை, தரவு மோதல் இல்லை.