சாங்கியில் இருபது ஓடுபாதையா?

சிங்கப்பூர் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சாங்கியில் விமானம் ஊர்ந்து போகும்போது ஓரத்துச் சிவப்புப் பலகையில் 02, 20 என்று பார்த்தேன். அங்கே இருபது ஓடுபாதையா இருக்கிறது?"

இல்லை, மூன்றுதான். சிங்கப்பூரின் விமான நிலையம் 1937இல் காலாங்கில் தொடங்கி, 1955இல் பாய லேபாருக்கு மாறியது. சுற்றிலும் ஊர் வளர்ந்துவிட்டது. இரைச்சலுக்குப் பயந்து, கடலைத் தூர்த்து சாங்கியில் இடம் பிடித்தார்கள். 1981 ஜூலை 1 முதல் விமானங்கள் அங்கேதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். அது வரிசை எண் அல்ல, திசைகாட்டி காட்டும் கோணம். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்து, கடைசி இலக்கத்தை விட்டுவிடுவார்கள். சாங்கியின் ஓடுபாதைகள் சுமார் 23 பாகையில் கிடக்கின்றன. முழுதாக்கினால் 20, அதாவது 02. அதே பாதையில் மறுமுனையிலிருந்து வந்தால் 203 பாகை, ஆகவே 20. எந்த ஊரிலும் இரண்டு முனைகளுக்கும் வித்தியாசம் 18தான். பக்கத்துப் பாதைகளைப் பிரிக்க இடது, நடு, வலது என்று எழுத்துகள் உண்டு. மறுமுனையிலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும், பாவம் நடு மட்டும் நடுவாகவே இருக்கும்.

ஒரே பாதைக்கு இரண்டு பெயர் எதற்கு? காற்றுக்காக. விமானத்தை மேலே தூக்குவது தரையில் ஓடும் வேகமல்ல, இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம். அது மணிக்கு 270 கிலோமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தரையில் 250 ஓடினாலே போதும். அதே காற்று முதுகுக்குப் பின்னால் அடித்தால் 290 ஓடவேண்டும். பட்டம் விடும் பிள்ளைகள் காற்றுக்கு எதிரே ஓடுவதும் இதற்குத்தான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரியில் சாங்கியில் பெரும்பாலும் 02தான்: தெற்கே கடல்மேல் சுற்றி வந்து, வடக்கு பார்த்து இறங்குவார்கள். ஜன்னலோர இடம் கிடைத்தால் நங்கூரமிட்ட கப்பல்களை எண்ணிக்கொண்டே வரலாம். ஜூலையில் காற்று தெற்கிலிருந்து, அப்போது 20.

இதில் ஒரு வேடிக்கை. பூமியின் காந்த வடதுருவம் நகர்ந்துகொண்டே இருப்பதால், எண்ணும் மாறலாம். அமெரிக்காவின் டாம்பா விமான நிலையத்தில் 2011இல் 18ஐ அழித்து 19 என்று எழுதினார்கள்.

அப்புறம், சில விமானங்களில் ராசியில்லை என்று 13ஆவது இருக்கை வரிசையே வைப்பதில்லை. ஆனால் நியூயார்க்கின் கென்னடி நிலையத்தில் 13 என்றே ஓடுபாதை இருக்கிறது. அந்த விமானங்களும் அதில் இறங்கத்தான் செய்கின்றன.