டைப்-சி: பொதுவானது வாய்தான், சார்ஜர் அல்ல

“உலகளாவிய மின்னூட்டி.” கைப்பேசிக்கெல்லாம் டைப்-சி வாய்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் போட்ட காலத்திலிருந்து, ‘யுனிவர்சல் சார்ஜர்’ என்பதற்குத் தமிழாக இந்தத் தொடர் செய்திகளில் அலைகிறது. போன வாரமும் ஒரு தொலைக்காட்சியில், திரைக்கு அடியில் ஓடுகிற வரியில் பார்த்தேன். இருப்பது இரண்டே சொல். இரண்டுமே தப்பு.

வேர்ச்சொல்லைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ ஆனது. ‘யுனிவர்சல்’ என்பது அனைத்துக்கும் பொருந்துவது. டைப்-சியும் 1996இல் வந்த யூஎஸ்பி (யுனிவர்சல் சீரியல் பஸ்) குடும்பம்தான்; அந்தப் பெயரின் முதல் எழுத்து இதுதான். கடைசி எழுத்தான ‘பஸ்’ஸோ ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ஸின் வால். தொப்பூர் கணவாயில் ராத்திரி இறங்குகிற ஆம்னி பஸ்ஸும் அதே சொல்தான். ஆக, பொது என்பதை அந்தப் பெயரிலேயே இரண்டு தடவை சொல்லியாயிற்று.

இப்போது ‘மின்னூட்டி’. நம் பள்ளிப் பாடநூல்களில் மின்னூட்டம் என்பது துகளின் பண்பு. எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அதே சொல்லை எடுத்துச் சுவரில் செருகுகிற பெட்டிக்கும் வைத்தால் எதை எதோடு சேர்ப்பார்கள்? போதாக்குறைக்கு, எந்த ஊரிலாவது யாராவது போனுக்குச் சார்ஜ் ‘ஊட்டி’ப் பார்த்திருக்கிறோமா? “சார்ஜ் ஏத்து”, “சார்ஜ் ஏறலை” என்றுதான் தர்மபுரியில் சொல்கிறார்கள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் “லோடு ஏத்தியாச்சா” என்று கேட்பதும் அதே வினைதான். லத்தீன்காரன் வண்டியில் ஏற்றினான், நாம் பேட்டரியில் ஏற்றுகிறோம். மின்னேற்றி என்ற சொல் நல்ல தமிழ், வாயிலும் ஏற்கெனவே பாதி இருக்கிறது. அதை விட்டு ஊட்டப் போவானேன்?

‘உலகளாவிய’ இதைவிட மோசம். அது ஒன்று உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதைச் சொல்லும் சொல். உலகளாவிய தொற்று என்றால் சரி. இங்கே பேச்சு உலகத்தைப் பற்றியே இல்லை. கைப்பேசி, டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் பொது என்பதுதான் சேதி. கணிதப் பாடநூல் எழுதியவர்கள் ‘யுனிவர்சல் செட்’டை ‘அனைத்துக்கணம்’ என்று அழகாக வைத்தார்கள், உலகளாவிய கணம் என்று உளறவில்லை. கிருஷ்ணகிரி லாரி பட்டறையில் போய், ‘யுனிவர்சல் ஜாயிண்ட்’ என்பதற்குப் பதிலாக ‘உலகளாவிய மூட்டு’ கழன்றுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அகராதியைத் திறந்து கண்ணில் பட்ட முதல் பொருளை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். இப்போது அந்த அகராதியைக்கூடத் திறப்பதில்லை, இயந்திரம் துப்பியதை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.

சரி, ‘பொது மின்னேற்றி’ என்று திருத்திக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தமிழ் சரிதான், தகவல் தப்பு. சட்டம் பொதுவாக்கியது கருவியில் இருக்கும் வாயை. வேகமாகச் சார்ஜ் ஏறும் கருவிகள், சார்ஜரும் கருவியும் பேசி மின் அளவை முடிவுசெய்துகொள்ளும் யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற முறையையும் ஏற்க வேண்டும் என்கிறது. சார்ஜரைப் பற்றிச் சொல்வது என்ன தெரியுமா? சார்ஜர் இல்லாமலே கருவியை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது. சார்ஜர் இல்லாமலும் விற்கச் சொல்லும் சட்டத்துக்கு ‘ஒரே சார்ஜர் சட்டம்’ என்று பேர்!

குழப்பம் முழுக்க இந்தப் பெயரிலிருந்துதான் கிளம்புகிறது. 2014இல் வந்த டைப்-சியில் 24 தொடுமுனைகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும். ஆனால் அந்த ஒரே வாய் வழியாக 5 வோல்ட்டும் போகலாம், 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று 240 வாட்டும் போகலாம். 3 ஆம்பியரைத் தாண்ட வேண்டுமென்றால் கேபிளுக்குள் ஓர் அடையாளச் சில்லு வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் இரட்டைப் பிள்ளைகள். கம்பெனிகள் தத்தம் சொந்த அதிவேக முறையைத் தனியாக வைத்திருப்பதால், பெட்டியில் 80 வாட் என்று போட்ட போன் வேறு சார்ஜரில் நத்தையாக ஏறும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பையன் தாடி டிரிம்மரோடு நின்றான். “ணா, ரெண்டும் சி பின்னுதானே? லேப்டாப் சார்ஜர்ல போட்டா ஏறவே மாட்டேங்குதுங்ணா.” கடைக்காரர் ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பியாக இருக்கும் கேபிளை எடுத்துப் பழைய சார்ஜரில் செருகினார், விளக்கு எரிந்தது. காரணம் சின்னதுதான். சி சார்ஜர், எதிரே கருவி இருக்கிறதென்று தெரியும்வரை மின்சாரம் விடாது. அதைத் தெரிவிக்கக் கருவிக்குள் இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகள் வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க மலிவுக் கருவிகளில் அதை விட்டுவிடுகிறார்கள். பழைய சார்ஜருக்கு அந்த விசாரணையெல்லாம் கிடையாது, எப்போதும் 5 வோல்ட் விட்டுக்கொண்டே இருக்கும்.

முன்பு பொருந்தாத கேபிள் உள்ளேயே நுழையாது, ஏறுமா என்ற கேள்விக்கு அதுவே விடையாக இருந்தது. இப்போது எல்லாம் நுழைகிறது; ஏறுமா, எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதைப் பொடி எழுத்தில்தான் படிக்க வேண்டும். வீட்டில் ஒரு வயர் போதும் என்ற சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. பெயர் அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

கேபிளின் முனைக்குச் செருகி, கருவியில் அது நுழையும் இடத்துக்குச் செருகுவாய், சுவரில் மாட்டும் பெட்டிக்கு மின்னேற்றி. பொது என்ற அடைமொழி முதல் இரண்டுக்கு மட்டும்: பொதுச்செருகி, பொதுச் செருகுவாய். எழுத்தில் இவை போதும். பேச்சில் எங்கள் கடைக்காரர்கள் “சாதா பின்னா, சி பின்னா?” என்று கேட்கிறார்கள். பின் என்பது கடன்சொல்தான், தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் பொதுவாகிப்போன உறுப்பு எதுவோ அதை மட்டும் அது சுட்டுகிறது, சார்ஜரை உள்ளே இழுக்கவில்லை. தொலைக்காட்சி வரி எழுதுபவர்களுக்கு அதுவும் பிடிக்காவிட்டால் “எல்லாக் கைப்பேசிக்கும் ஒரே செருகுவாய்” என்று போடட்டும். திரையில் இடமும் மிச்சமாகும்.