சோப்பு பட்டதும் சாம்பார் கறை ஏன் சிவக்கிறது?

வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார் கறைமேல் சோப்பைத் தேய்த்தால், மஞ்சளாக இருந்தது சட்டென்று குங்குமச் சிவப்பாகிவிடும். நன்றாக அலசினால் சிவப்பு போய்விடும், மஞ்சள் நிற்கும். குழந்தைக்கு அறிவியல் காட்டுகிறோம் என்று விலை கொடுத்துப் பெட்டி பெட்டியாக வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். வேண்டியது எல்லாம் அடுப்படியிலேயே இருக்கிறது.

ஒரு கிண்ணத்தில் அரை ஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு, அது முங்கும் அளவுக்கு ஹேண்ட் சானிடைசர் ஊற்றிக் கலக்குங்கள் (இதைப் பெரியவர்கள் செய்யுங்கள், அடுப்பு எரியும்போது வேண்டாம்). தண்ணீரில் ஏன் கலக்கக் கூடாது? கலக்கலாம்தான், ஆனால் மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் தண்ணீரில் கரையாது, தூள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அந்தச் சாயத்தில் பழைய வெள்ளைத் துணி ஒன்றை முக்கி எடுத்துக் காயவைத்தால் சோதனைத் துணி தயார்.

அப்புறம் கால் டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியையும் குழந்தை கையில் கொடுத்துவிடுங்கள். துணியில் என்ன வரைந்தாலும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் தெரியும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் கோடு அழிந்து மறுபடி மஞ்சள். எழுதுவது, அழிப்பது, திரும்ப எழுதுவது என்று அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நடப்பது இதுதான். குர்குமின் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை உறிஞ்சிவிடுகிறது, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக வருகிறது. காரப்பொருள் (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பு, சோடா மாதிரி அமிலத்துக்கு எதிரானது) பட்டால் அந்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்றுபோகிறது, அதிலுள்ள எலக்ட்ரான்கள் முன்பைவிடத் தாராளமாக நடமாட ஆரம்பிக்கின்றன, அதனால் அது பச்சை வரைக்கும் சேர்த்து விழுங்குகிறது, மிஞ்சுவது சிவப்பு. எலுமிச்சையின் அமிலம் போன ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த மாற்றம் சுமாராக பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம்) 7.4-இல் தொடங்கி 8.6-க்குள் நடக்கிறது. சோடாத் தண்ணீர் 8.3 பக்கம் இருப்பதால் அரைகுறைச் சிவப்பு, துணி சோப்பு 9-ஐத் தாண்டுவதால் நல்ல சிவப்பு. சுண்ணாம்பு 12-க்கும் மேலே, ஆரத்தித் தண்ணீர் அப்படிச் செக்கச்செவேல் என்று இருப்பது அதனால்தான். சுண்ணாம்பை மட்டும் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஹைட்ரஜன் கதையெல்லாம் எதற்கு? புளிப்பு பட்டால் மஞ்சள், வழவழப்பு பட்டால் சிவப்பு, அது போதும். அதை வைத்து அடுத்தது என்ன நிறம் வரும் என்று முதலில் அவர்களைச் சொல்லவிட்டுத்தான் ஒவ்வொரு சொட்டும் வைக்க வேண்டும், என்னைக் கேட்டால் சோதனையே அதுதான். தயிர், புளித்தண்ணீர் எல்லாம் சுலபம். ஷாம்புவில்தான் மாட்டுவார்கள்: சோப்பு மாதிரியே நுரைக்கும், ஆனால் பெரும்பாலான ஷாம்பு லேசான அமிலம், துணி சிவக்காது. முட்டையின் வெள்ளைக்கருவும் அப்படித்தான் ஏமாற்றும். நாளாக நாளாக ஓட்டின் வழியே கரியமில வாயு வெளியேறி அதன் பிஎச் 9 வரை ஏறிவிடும், ஆகவே சாப்பிடுகிற பொருளாக இருந்தும் அது காரம்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு, எலுமிச்சைச் சாறும் வெறும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான், இரண்டுக்கும் மஞ்சளாகவே இருக்கும். அதைப் பிரித்துக் காட்ட வேலியோரம் பூக்கிற நீலச் சங்குப்பூ போதும். நாலைந்து பூவை வெந்நீரில் போட்டு, ஆறியதும் இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. மற்றதில் சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். சின்ன டம்ளர் என்றால் பொங்கி மேடையெல்லாம் வழியும், ஒரு தாம்பாளத்தில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள்.