லைம் நோய்க்குப் பின் விலகாத வலியும் களைப்பும்: சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியத் தொற்றான லைம் நோய்க்குப் பிறகு உடல் தேறாமல் வருகிறவர்களை அவர்கள் அறைக்குள் நுழையும்போதே பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும். கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். ஐந்தாறு மருத்துவர்களின் குறிப்புகள், வெவ்வேறு ஆய்வகங்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், தலை ஸ்கேன் அறிக்கைகள், தாமே கைப்பட எழுதிய அறிகுறிப் பட்டியல் என எல்லாம் அதில் அடுக்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கோப்புடன் வந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், உட்கார்வதற்கு முன்பே, "டாக்டர், எனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். அதுவரை அவர் பார்த்த நால்வரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இந்த நோய் உலகுக்குத் தெரிய வந்த கதையும் ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1975இல் இதே மாநிலத்தின் லைம், ஓல்டு லைம் ஊர்களைச் சுற்றி வாழ்ந்த பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்குவதைக் கண்ட இரு தாய்மார்கள் சுகாதாரத் துறையிடமும் யேல் பல்கலைக்கழகத்திடமும் முறையிட்டார்கள். அவர்களுள் ஒருவரான பாலி மரேயை அதற்கு முன் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் கற்பனை நோயாளி என்றே எண்ணி அனுப்பி வந்தார்கள். அவர் விடாமல் எழுதி வைத்த குறிப்புகளைப் பின்பற்றித்தான் ஆலன் ஸ்டீயர் குழுவினர் நோயை வரையறுத்தார்கள். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் உடலுக்குள் அந்தச் சுருள் வடிவ பாக்டீரியாவைக் கண்டறிந்தார். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காத துறைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. இருந்தும் அதே தவறை நாங்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

"நாள்பட்ட லைம்" என்ற பெயருக்குள் பல வகையான மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உண்ணி கடித்து, தோலில் விரிந்து பரவும் சிவந்த வட்டம் தோன்றி, முறையான சிகிச்சையும் பெற்று, அதன் பிறகும் ஆறு மாதங்களுக்கு மேல் களைப்பு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றோடு வாழ்கிறவர்கள் ஒரு சாரார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இந்த நிலைக்கு வருகிறார்கள். இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேருக்கு லைம் நோய் என முடிவு செய்து மருந்து தரப்படுவதைக் கருதினால், இது சிறிய எண்ணிக்கையே அல்ல. சிகிச்சைக்குப் பின் முழங்கால் வீக்கம் மட்டும் அடங்காதவர்கள் வேறொரு சாரார். தண்டுவட மரப்பு நோயோ, தைராய்டு குறைபாடோ, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறோ, அரிதாகப் புற்றுநோயோ உள்ளே இருக்க, ஐயத்திற்குரிய ஒரு பரிசோதனைத் தாளை வைத்து லைம் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் இன்னொரு சாரார். இவர்கள் அனைவருக்கும் ஒரே மருந்துச் சீட்டை எழுதுவது எந்த முறை மருத்துவத்திலும் சரியாகாது.

ஆகவே என் முதல் சந்திப்பில் மருந்து பற்றிய பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுத்து, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊரில் இருந்தபோது என்ன தொடங்கியது என்று நோயாளியுடன் சேர்ந்து குறிக்கிறேன். இங்கே நோயைப் பரப்புவது மான் உண்ணி. அதன் இளம் பருவம் கசகசா விதை அளவே இருக்கும் என்பதால், கடித்ததே தெரியாமல் போனவர்கள் ஏராளம். கடி நினைவில்லை என்பதற்காக நோயை மறுக்க முடியாது. ஆனால் அந்த உண்ணி வாழாத நிலப்பகுதியை விட்டு வெளியே சென்றிராத ஒருவருக்கு லைம் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் அது உருவாகியிருக்காது என்பதால் முடிவு பொய்யாக "இல்லை" என்று வரலாம். அதனால் சிவந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறோம். மறுபுறம், நோய் குணமான பிறகும் அந்த எதிர்ப்புப் பொருள் பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கும். எனவே "இன்னும் பாசிட்டிவ்" என்ற சொல் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள் தராது. குணமானதை உறுதிப்படுத்த இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. இதற்காகவே ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொடக்கநிலை நோய்க்கான சிகிச்சையில் பெரிய சர்ச்சை இல்லை. தோலில் வட்டம் தோன்றிய பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 100 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, பத்து நாள். மூட்டு வீக்கத்திற்கு 28 நாள். நரம்பையோ இதயத்தையோ தாக்கியிருந்தால் இரண்டு முதல் மூன்று வாரம். சர்ச்சை எல்லாம் அதற்குப் பிறகுதான்: களைப்பு தீரவில்லை என்றால் அதே மருந்தை மாதக்கணக்கில் நீட்டலாமா?

இதற்கு விடை தேடி நடந்த ஆய்வுகள் சில நன்றாகவே செய்யப்பட்டவை. 2001இல் வெளியான மார்க் கிளெம்ப்னர் குழுவின் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சிரை வழியாகவும், அடுத்த 60 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையாகவும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத திரவமும் மாத்திரையும். எதிர்ப்புப் பொருள் இருந்த நோயாளிகளில், மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு 37 பேரும் மருந்தில்லாத பிரிவினருள் 40 பேரும் முன்னேற்றம் கண்டார்கள். இந்த இரண்டு எண்களையும் நான் நோயாளிகளிடம் தாளில் எழுதியே காட்டுவேன். மருந்து தோற்றது என்பதை மட்டும் அவை சொல்லவில்லை. நீண்ட மருந்து எடுத்துத் தேறியவர் "அந்த மருந்தால்தான் தேறினேன்" என்று மனமார நம்புவது ஏன் என்பதையும், அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே அவை சொல்கின்றன.

2003இல் லாரன் க்ரப் குழுவினர் 28 நாள் செஃப்ட்ரியாக்சோன் கொடுத்துப் பார்த்தபோது களைப்பு ஓரளவு குறைந்தது; சிந்தனை வேகத்தில் மாற்றமில்லை. அந்த ஆய்வில் எனக்கு மறக்க முடியாத செய்தி வேறொன்று. சிகிச்சையின் பக்க விளைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நால்வரில் மூவர், மருந்தே இல்லாத திரவம் பெற்றவர்கள். சிரைக்குழாய் வைத்துக்கொள்வதே ஆபத்தாக முடியலாம் என்பதற்கு அவர்களே சாட்சி. 2008இல் பிரையன் ஃபாலன் குழுவின் பத்து வாரச் சிகிச்சையில் நினைவாற்றல் சற்று மேம்பட்டு, 24ஆம் வாரத்தில் அந்த நன்மை கரைந்துபோனது. 2016இல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வார ஊசி மருந்துக்குப் பின் மேலும் 12 வாரம் மாத்திரை தந்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. கிருமி உடலில் பதுங்கியிருக்கிறது என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எலிகளிலும் குரங்குகளிலும் சிகிச்சைக்குப் பிறகு கிருமியின் எச்சங்கள் தென்பட்டது உண்மை. அந்த வாதத்தை நான் கேலி செய்வதில்லை. ஆனால் எச்சம் இருப்பதும், அதுவே நோயாளியின் களைப்புக்குக் காரணமாக இருப்பதும், கூடுதல் மருந்தால் அது தீர்வதும் மூன்று தனித்தனிக் கூற்றுகள். மூன்றாவதைத்தான் மனிதர்களிடம் சோதித்தார்கள், அது நிற்கவில்லை. 2020இல் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் ஆகிய மூன்று துறைகளின் அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், தொற்று தொடர்கிறது என்பதற்கோ மறுபடி தொற்றியது என்பதற்கோ புறச்சான்று இல்லாதபோது மேலும் நுண்ணுயிர்க்கொல்லி தர வேண்டாம் என்றே கூறுகிறது.

என் தொடக்க ஆண்டுகளில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் வந்தார்; தோட்ட வேலை செய்பவர். லைம் நோய்க்கு முறையான சிகிச்சை முடிந்து ஓராண்டாகியும் பகல் முழுவதும் அசதி, முழங்கால் வலி. பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து அவரை மருத்துவமனைப் படுக்கையில் மறுபடி பார்த்தேன். வேறோர் இடத்தில் சிரைக்குழாய் பொருத்தி மாதக்கணக்கில் மருந்து ஏற்றியிருந்தார்கள். மேல்கைச் சிரையில் ரத்தம் உறைந்து, குழாய் வழியே கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. குழாயை வைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவரை அங்கே அனுப்பி வைத்தது என் பத்து நிமிடம்.

இத்தகைய விபரீதங்கள் அரிதான கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நாள்பட்ட லைம் என்ற பெயரில் தந்த சிகிச்சையால் கடுமையான பாக்டீரியத் தொற்றுகளுக்கு உள்ளான ஐந்து பேரின் விவரங்களை நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்டது. அவர்களில் உயிரிழந்தவர்களும் உண்டு. பிஸ்மத் உலோகத்தை ஊசியாக ஏற்றும் பிஸ்மசின் என்ற பொருளுக்கு எதிராக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல் எச்சரிக்கை விடுத்தது. ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊசி, தேனீக் கொட்டு, வெள்ளிக் கரைசல் என்று பட்டியல் இன்னும் நீளும். ஒன்றுக்கும் சான்று கிடையாது. கட்டணம் மட்டும் முன்பணமாகவே வேண்டும்.

அப்படியானால் என்ன செய்கிறோம்? இந்த நிலைக்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை என்பதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் தருவது பிற நோய்களில் பயன் கண்டவற்றிலிருந்து கடன் வாங்கிய சிகிச்சை. களைப்பை ஒரே மூட்டையாகப் பார்க்காமல் பிரித்துப் பார்த்தால், கைக்கு எட்டும் பகுதிகள் சில வெளிப்படும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. எழுந்து நின்றால் படபடப்பும் தலைச்சுற்றலும் வருகிறவர்களைப் படுக்க வைத்து நாடி பார்த்து, பிறகு பத்து நிமிடம் நிற்க வைத்து மறுபடி பார்க்கிறோம். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்காமலே நாடி நிமிடத்துக்கு 30 துடிப்பு அல்லது அதற்கு மேல் கூடினால் நரம்பின் தன்னியக்கக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கலாம். அதற்குக் கூடுதல் உப்பும் நீரும், கால்களை இறுக்கும் காலுறையும், தேவையானால் மாத்திரையும் உதவும். கடிகாரமும் ரத்த அழுத்தக் கருவியும் தவிர வேறெதுவும் வேண்டாத இந்தச் சோதனையை, கோப்பு நிறைய ஸ்கேன் வைத்திருந்த அந்தப் பெண்மணிக்கு அதுவரை யாரும் செய்திருக்கவில்லை.

எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் நரம்புவலிக்கான டுலாக்செட்டின், கேபபென்டின் போன்றவற்றுக்குப் பலருக்குக் கட்டுப்படும். வீங்கிய முழங்கால் தனி வழக்கு. மாத்திரைக்கும் ஊசி மருந்துக்கும் பிறகும் வீக்கம் நீடித்தால், கிருமி இறந்த பின்னும் அதன் சுவர்த் துகள்கள் மூட்டு நீரில் தங்கி எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அங்கே வேலை செய்வது மெத்தோட்ரெக்சேட் போன்ற மூட்டுநோய் மருந்துகளே. ஆகவே அந்த நோயாளிகளை மூட்டுநோய் மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது கவனம் வேண்டும். தெம்பாக உணரும் நாளில் வீட்டு வேலை அனைத்தையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது இவர்களிடம் அடிக்கடி காணும் வழக்கம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடக்கச் சொல்கிறோம், அது ஐந்து நிமிடமாக இருந்தாலும் சரி. உடல் ஏற்றுக்கொண்ட பிறகே கூட்டுகிறோம். மனச்சோர்வுக்கு மருந்தோ ஆலோசனையோ பரிந்துரைக்கும்போது நோயாளியின் முகம் சுருங்குவதைக் காண்கிறேன். "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிறேனோ என்ற அச்சம். நீண்ட வலி யாருடைய மனத்தையும் அரிக்கும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று விளக்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதே அந்தச் சிகிச்சையின் முதல் பகுதி.

அந்தத் தோட்டக்காரர் தொற்றிலிருந்து மீண்ட பிறகு, நான் முன்பே செய்திருக்க வேண்டிய தூக்கப் பரிசோதனையைச் செய்தோம். மூச்சுத் தடை கடுமையாக இருந்தது. இரவில் அணியும் காற்றழுத்தக் கருவி கிடைத்த பின் பகல் அசதி பாதியாகக் குறைந்தது. முழங்கால் வலியும், பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராத தொல்லையும் இன்னும் இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டதாக நான் சொல்ல முடியாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறார்.

சென்ற ஜூன் மாதம் இடையிலேயே தொலைபேசியில் அழைத்தார். தொடையின் பின்புறம் உள்ளங்கை அளவில் சிவந்த வட்டம். பழைய நோய் திரும்பிவிட்டது, இத்தனை ஆண்டும் கிருமி உள்ளேயே இருந்திருக்கிறது என்று அவர் குரல் நடுங்கியது. அன்றே வரச் சொல்லிப் பார்த்தேன். இப்படி மீண்டும் வட்டம் தோன்றியவர்களின் இரு முறைக் கிருமிகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வொன்றில், ஒவ்வொருவரிடமும் இரண்டும் வெவ்வேறு வகையாகவே இருந்தன. அதாவது புதிய உண்ணி, புதிய தொற்று. அவர் நாள் முழுவதும் புதர்களுக்கிடையே வேலை செய்பவர் என்பதையும் நினைவூட்டினேன். டாக்சிசைக்ளின் பத்து நாள், வெயிலில் தோல் எளிதில் கன்றும் என்பதால் முழுக்கைச் சட்டை. பதினோராம் நாள் அவர் அனுப்பிய படத்தில் வட்டம் மறைந்திருந்தது. மேலும் மருந்து வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. அடுத்த சந்திப்பு எந்தத் தேதி என்று மட்டும் கேட்டிருந்தார்.